துரை வாய் திறந்த கதை

எனக்கு வயது இருபத்தேழு. குதிரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். தலை நரைத்து, பென்ஷன் வாங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அனுபவக் கட்டுரை எழுத வேண்டும் என்று எங்கேயும் சட்டம் இல்லை. எங்கள் லாயத்தை நடத்திய கர்னல் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் குடகுக்குப் போனார். குதிரைகள் பெங்களூருக்குப் போயின. நாங்கள் அவரவர் வீட்டுக்குப் போனோம். இதற்கு ஓய்வு என்றுதான் பெயர். இப்போது மைசூரிலிருந்து ஹனூர் போகிற பஸ்ஸில் நான் கண்டக்டர். பஸ் உதைக்காது, கடிக்காது, ஞாயிற்றுக்கிழமை கொள்ளு கேட்காது. நிம்மதியாக இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பஸ் கிளீனர் பையன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, உலகத்திலேயே தனக்குத்தான் முதலில் பல் பிடுங்கியதுபோல ஒரு மூலையில் கிடந்தான். ‘அண்ணா, இந்த வலி யாருக்கும் வந்திருக்காதுண்ணா’ என்றான். ‘உன்னைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிய ஆளுக்குப் பல் பிடுங்கி, மறுபடி வேலைக்கு அனுப்பினவன் நான்’ என்றேன். நம்பவில்லை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, கன்னடம்தான் வரும். அதனால் நீங்கள் படித்து அவனுக்குச் சொல்லுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மார்டள்ளி. எட்டாம் வகுப்பில் பாதி படித்தேன். மீதிப் பாதி இன்னும் பள்ளிக்கூடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. வெள்ளைக்காரன் போன கொஞ்ச நாளில் என் அப்பா என்னை மைசூர் கூட்டிவந்து கர்னல் லாயத்தில் சேர்த்தார். முதல் வருஷம் சாணி அள்ளினேன். இரண்டாம் வருஷம் சாணி அள்ளிக்கொண்டே குதிரை தேய்த்தேன். மூன்றாம் வருஷம் என் பேருக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

அந்த லாயத்தில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு குதிரை. அந்தக் குதிரைக்குத் தீனி, தண்ணீர், குளம்பு, வால் எல்லாம் அந்த ஆள் பொறுப்பு. குதிரையை விற்றால் ஆளும் கிளம்ப வேண்டியதுதான். புதுக் குதிரை வந்தால் அதோடு புது ஆள் வருவான். ‘குதிரை போனா குதிரைக்காரனும் போவான்’ என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். எனக்குக் கிடைத்த குதிரை நல்ல வெள்ளை. பெயர் துரை. ஊரிலிருந்த துரைகள் எல்லாரும் கப்பல் ஏறிப் போன பிறகும் போகாமல் மைசூரில் தங்கிவிட்ட ஒரே துரை அவன்தான். வேலை விஷயத்திலும் பழைய துரைகள் மாதிரியேதான். காலையில் குழந்தைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுப்பான், மீதி நேரமெல்லாம் யாராவது சேவகம் செய்ய வேண்டும்.

எங்களுக்கு மேலே ஜமேதார் இருந்தார். வாணியம்பாடிக்காரர், பழைய குதிரைப் படை. மீசையைப் பார்த்தால் அதற்குத் தனியாக ரேஷன் வாங்குகிறார் என்று நினைப்பீர்கள். அவருக்கு ஒரு குணம். ஆட்களோடு நேராகப் பேச மாட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்தில் நிற்கிற குதிரையிடம், மகனைக் கூப்பிடுகிற மாதிரி ‘பேட்டா’ என்று கூப்பிட்டுச் சொல்லுவார்.

“துரை, உன் ஆளு நேத்து பின்னங்கால் குளம்பு சுத்தம் பண்ணினானா? கேட்டுச் சொல்லு பேட்டா.”

நான் துரையின் காதுக்குள் சொல்லுவேன்: “பண்ணிட்டேன்னு சொல்லு துரை.”

“அப்ப இந்தக் கல்லு எங்கேயிருந்து வந்துச்சாம்?”

“துரையே மைதானத்துல இருந்து பொறுக்கிட்டு வந்தாராம்.”

“துரை, உன் ஆளுக்கு வாய் ஜாஸ்தி. மத்தியானம் தீனித் தொட்டி எல்லாத்தையும் அவனே கழுவட்டும்.”

இப்படித்தான் பேச்சு நடக்கும். ஒருநாளும் அவர் என்னைத் திட்டியதில்லை. துரைதான் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டான்.

ஜமேதாருக்கு விதிகள் நிறைய. அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, மைசூர்க் குளிரில் இரும்பைச் சில்லென்று குதிரை வாயில் வைக்கக் கூடாது. கொள்ளு வேகிற அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இருக்க வேண்டும். கடிவாளத்தின் இரும்பை அதில் போட்டு, வார்களை பக்கெட் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, சூடு ஏறிய பிறகுதான் எடுக்க வேண்டும். இரண்டாவது, ஒரு குதிரையின் வாய்த் தண்ணீர் இன்னொரு குதிரைக்கு ஆகாது. படையில் ஒரு குதிரைக்கு வந்த சளி ஒரு லாயத்தையே படுக்க வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு குதிரைக்கும் தனி பக்கெட். துரையின் வாய்க்குப் போகிற எதுவும் துரையின் பக்கெட்டிலிருந்துதான் போக வேண்டும். இரண்டுமே நல்ல விதிகள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன்.

ஒரு மழைக்காலத்தில் துரை சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினான். புல்லை மெல்லுவான், மெல்லுவான், பிறகு பாதி மென்றதை உருண்டையாகக் கீழே துப்புவான். சாணியில் கொள்ளு முழுசு முழுசாக வந்தது. கிட்டே போனால் வாயில் நாற்றம். சவாரியில் இடது வாரைத் தொட்டாலே தலையை வானத்துக்குத் தூக்கினான். ஒரு பெரிய அதிகாரியின் மகள் அவன் முதுகிலிருந்து மணலில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதிகாரி முகத்தைப் பார்த்து கர்னலுக்குத்தான் வலித்தது.

டாக்டரை அழைத்தார்கள். மேல்கோட்டை அய்யங்கார். நெற்றியில் நாமம், காலில் கம்பூட்ஸ். நல்ல கெட்டிக்காரர். குதிரை வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்.

“டேய் அருளப்பா, நாக்கை இப்படிப் பக்கவாட்டுல இழுத்துப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே. விட்டயானா இவன் என் கையைச் சாப்ட்டுடுவான். அப்புறம் நான் ஆத்துக்குப் போய் எந்தக் கையால சாப்பிடறது?”

குதிரை நாக்கைப் பிடித்திருக்கிறீர்களா? எண்ணெய் தடவிய மலைப்பாம்பு மாதிரி இருக்கும். ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கௌதள்ளிக்காரன் மாதேவன், எனக்கு அடுத்த குதிரையின் ஆள், டார்ச் அடித்தான். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: கீழ்த்தாடை, இடது பக்கம், கடைவாய்ப் பல் வரிசையில் முதல் பல் பிளந்திருக்கிறது. பிளவுக்குள் தீனி போய் அழுகியிருக்கிறது. பிடுங்க வேண்டும்.

குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத வெறும் ஈறு இருக்கும். கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். கெட்டுப்போன பல் அதற்குப் பக்கத்து வீடு. அதனால்தான் இடது வாரைத் தொட்டதும் துரை குதித்திருக்கிறான்.

பிடுங்கிய அன்று துரைக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி நின்றான். தலையைத் துணிச்சுருணைமேல் தாங்கவைத்தோம். வாய் மூடாமலிருக்க இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டினார் டாக்டர். பிறகு என் கை நீளத்துக்கு ஒரு குறடு. பல்லைப் பிடித்து ஒரேயடியாக இழுப்பார் என்று நினைத்தேன். இழுக்கவே இல்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், மெதுவாக, மிக மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார். வியர்த்துக் கொட்டியது. நாமம் கரைந்து மூக்குக்கு வந்துவிட்டது.

“அவசரப்பட்டு இழுத்தா வேர் உள்ளேயே உடைஞ்சுடும்டா. அப்புறம் தோண்டணும். ஆட்டிண்டே இருந்தா அதுவா வரும்.”

சேற்றிலிருந்து கால் எடுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது கேட்ட பிறகுதான் இழுத்தார். வந்த பல் என் நடுவிரலைவிட நீளம். மாதேவன் பார்த்துவிட்டு, “அட சாமி, இதென்ன பல்லா, முளைக்குச்சியா? எருமையே கட்டலாமாட்ட இருக்குது” என்றான். எதிர் வரிசையில் கூராக இருந்த ஓரங்களை நீளக் கைப்பிடி போட்ட அரத்தால் ராவிவிட்டு, குழியில் மருந்துப் பஞ்சை வைத்தார் டாக்டர்.

அப்புறம் உத்தரவுகள். குழி மூடுகிற வரை வாயில் இரும்பு கூடாது. தலைக்கயிறு மட்டும் போட்டுக் கையில் பிடித்து நடத்த வேண்டும். வேகவைத்து மசித்த கொள்ளு, தவிட்டுக் கஞ்சி, பொடியாக நறுக்கி நனைத்த புல். ஒவ்வொரு தீனிக்குப் பிறகும் ஊதா நிற மருந்துத் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, பித்தளைப் பீச்சாங்குழலால் வாயைக் கழுவ வேண்டும். “குழி மூடிடுத்துன்னு நீங்களா நிறுத்திடாதீங்கோ. நான் சொல்ற வரைக்கும் கழுவணும்” என்றார்.

அந்தத் தண்ணீருக்கு நாங்கள் கத்தரிக்காய்த் தண்ணி என்று பெயர் வைத்தோம்.

துரை ராஜயோகத்தில் இருந்தான். மசித்த கொள்ளை ஒரு சுற்று உள்ளே தள்ளிவிட்டு, தொட்டியை நக்கிவிட்டு, என்னைப் பார்ப்பான். நாற்றம் போயிற்று. சாணியில் முழுக் கொள்ளு வருவது நின்றது. விலா எலும்பு மறைந்தது. பீச்சாங்குழலைக் கண்டால் மட்டும் ஆகாது. கழுவி முடிப்பதற்குள் பாதித் தண்ணீர் என் சட்டையில் இருக்கும். உலர்ந்ததும் ஊதா போய்ப் பழுப்பாகிவிடும். அந்த மாதங்களில் என் சட்டைகள் எல்லாம் ஒரே நிறம்.

டாக்டர் வந்து பார்த்தார். குழி மூடிவிட்டது, ஈறு கெட்டியாகிவிட்டது. “கடிவாளத்தைப் பழக்கலாம். முதல்ல வாரே கோர்க்க வேண்டாம். சும்மா இரும்பை வாயில வச்சு எடு. ரெண்டு நாள் போகட்டும். அப்புறம் ஆள் ஏறலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வாயைக் கழுவினேன். பக்கெட்டில் சூடேறிக்கொண்டிருந்த இரும்பை எடுத்துத் துரை வாய்க்குக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டான். தலையை உத்திரத்துக்குத் தூக்கினான். பின்னாலேயே போய்ச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றான். கண்ணின் வெள்ளை தெரிந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் நான் கடிவாளத்தை ஆணியிலிருந்து எடுக்கிற சத்தத்துக்கே சுவருக்குப் போய்விட்டான்.

வெல்லம் காட்டினோம். உதட்டை நீட்டி வெல்லத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரும்பைத் தள்ளினான். தேன் தடவினோம். தேனை முகர்ந்தே பார்க்கவில்லை. டாக்டர் மறுபடி வந்து வெறும் விரலால் ஈறை அழுத்தினார். துரை தூங்கி விழுந்தான்.

“வாயில ஒண்ணும் இல்லை. பயம்தான். பல்வலி ஞாபகம் போகலை. பொறுமையாப் பழக்குங்கோ.”

கர்னலிடம் மற்றதெல்லாம் இருந்தது, பொறுமை மட்டும் இல்லை. பள்ளிக்கூட லீவு முடிந்து பிள்ளைகள் சவாரிக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் காலை, துரையை விலை பேச, ஜட்கா ஸ்டாண்டிலிருந்து வண்டிக்காரன் புட்டசாமியை வரவழைத்தார். புட்டசாமி துரையைச் சுற்றிச் சுற்றி வந்தான். காலைத் தட்டினான், வாலைத் தூக்கினான்.

நான் கேட்டேன்: “அண்ணே, இது கடிவாளம் வாங்காதுண்ணே. ஜட்காவுல பூட்டி என்ன பண்ணுவ? முன்னாடி நின்னு கெஞ்சுவியா?”

“ஏ ஹுடுகா, நம்ம கடிவாளம் நீ பார்த்தில்லே.” ஹுடுகா என்றால் கன்னடத்தில் பையன். தோள் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். இரும்பின் உள்பக்கம் வரிசையாக முள். “இது போட்டா எல்லா குதுரேயும் வாய் திறக்கும். உங்க கர்னலும் திறப்பாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முள் உட்காரப்போகிற இடம் எது என்று லாயத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. பீச்சாங்குழலோடு தினமும் அங்கேதானே குடியிருந்தேன்?

கர்னல் முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை துரை சேணத்தோடும் கடிவாளத்தோடும் மைதானத்தைச் சுற்றி வந்தால் இருக்கட்டும். இல்லையென்றால் புட்டசாமி கயிறோடு வாசலில் நிற்பான். துரை ஜட்காவுக்குப் போவான், நான் மார்டள்ளிக்குப் போவேன். அங்கே என் மாமா ஒருவர் மாடுகளோடு எனக்காகக் காத்திருந்தார். அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். அவளும் என்னைவிட நன்றாக மாடு மேய்ப்பாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் எல்லாரும் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது தாங்காது. “ஏன்டா எல்லாரும் இப்படி இருக்கறீங்க? கர்னல் துரைமேல ஏறினா எப்படி இருக்கும்னு காட்டட்டுமா?” என்றேன். பக்கெட் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த துரையின் கடிவாளத்தை எடுத்து என் தலையில் மாட்டினேன். காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரலை வைத்தேன். மாதேவன் கர்னல். தலையில் சாக்கைத் தொப்பியாக வைத்துக்கொண்டு என் முதுகில் ஏறினான்.

“ஏனுங் துரை, வாயைத் தொறக்கறீங்களா, இல்ல புட்டசாமியக் கூப்புடட்டுங்களா?” என்றான்.

“ஐயோ வேண்டாங்க” என்று கனைத்துவிட்டு, இரும்பை வாயில் கவ்விக்கொண்டேன்.

அடுத்த கணம் மாதேவன் தரையில் கிடந்தான். நான் அவனைத் தள்ளிவிட்டு வாசல்வரை ஓடித் துப்பிக்கொண்டிருந்தேன். நாக்கைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு துவர்ப்பு. அதற்குப் பின்னாலேயே துருப்பிடித்த ஆணியைச் சப்பினது போல ஒரு கசப்பு. எச்சில் மொத்தமும் வற்றிவிட்டது.

“தூ! என்னடா இது? எவன்டா இதுல வேப்பெண்ணெய் தடவுனது?”

“ஒருத்தரும் தடவுல. ஏப்பா, உன்ற பல்லு எல்லாம் பழுப்பா இருக்குது!” என்றான் மாதேவன்.

அப்போதுதான் ஜமேதார் வந்தார். தலையில் கடிவாளத்தோடு, வார்கள் மார்பில் தொங்க, பழுப்புப் பல்லோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே துரையிடம் போனார்.

“துரை, லாயத்துக்குப் புதுக் குதிரை வந்திருக்கு போல. சொல்லவே இல்லையே. பல்லைப் பார்த்தா வயசு ரொம்ப ஆயிடுச்சு. தோலுக்குத்தான் ஆகும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், உதடு ஒட்டிக்கொண்டது. துரையின் பக்கம் திரும்பி, “துரை, ஜமேதார்கிட்ட சொல்லு. இந்த இரும்பை அவரு நக்கிப் பாக்கட்டும்” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜமேதார் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். நான் கடிவாளத்தைக் கழற்றி நீட்டினேன். இரும்பை மீசைக்குக் கீழே கொண்டுபோய் நாக்கு நுனியால் தொட்டார். மீசை முழுவதும் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கத்தரிக்காய்த் தண்ணி.

நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்த பக்கெட்தான். டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது துரையின் பக்கெட். துரையின் வாய்க்கு வேறு பக்கெட்டிலிருந்து எதுவும் போகக் கூடாது. அதனால் மருந்தை அதிலேயே கலக்கினோம். இரும்பும் அதில்தான் சூடேற வேண்டும், அதனால் அதையும் அதிலேயே போட்டோம். இரும்பு பழுப்பாக வந்தால் துரு என்று நினைத்துச் சாம்பலும் புளியும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, சுத்தமாக மறுபடி அதே பக்கெட்டில் ஊறவைத்தேன். இரண்டு விதிகளையும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் காப்பாற்றினோம். பீச்சாங்குழலில் வந்து தொல்லை கொடுத்த அதே சனியன் கொஞ்ச நேரத்தில் இரும்பாக வந்தால் எந்தக் குதிரைதான் வாயைத் திறக்கும்?

ஜமேதார் பக்கெட்டைத் தூக்கி வெளியே கொட்டினார். துரையின் கழுத்தில் கை வைத்தார்.

“ரெண்டு ரூலும் என்னுதுதான், பேட்டா” என்றார். “இந்தப் பசங்க சொன்னதைச் செஞ்சாங்க. நீ என்னை மன்னிச்சுக்கணும்.”

துரை அவர் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் டாக்டர் வந்து கதையைக் கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நான் வாய்க்குள்ளேயே தேடிண்டு இருந்தேன்டா. பக்கெட்டை எட்டிப் பார்க்கத் தோணலை” என்றார். பிறகு வேலையில் இறங்கினார். அந்த இரும்பு வேண்டாம், அதில் துரைக்கு ஞாபகம் ஒட்டியிருக்கிறது. வேறு இரும்பு, வேறு தோல், வேறு இடம். கழுவுவது லாயத்தின் பின்பக்கம், கடிவாளம் முன்பக்கம். வாய் கழுவுவதும் கடிவாளமும் ஒரே வேளையில் கூடாது. புது இரும்பைத் தீனித் தொட்டியில், மசித்த கொள்ளுக்கு அடியில் புதைத்து வைக்கச் சொன்னார்.

முதல் வேளை துரை இரும்பைக் கண்டதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விலகினான். பசி வந்து திரும்பினான். சுற்றியிருந்த கொள்ளைத் தின்றான். அடுத்த வேளை இரும்பை உதட்டால் ஒதுக்கிவிட்டுத் தின்றான். அதற்கடுத்த வேளை இரும்பையே நக்கினான். வெள்ளிக்கிழமை நான் அதை என் அக்குளில் வைத்துச் சூடாக்கிக் கொண்டுபோனேன். மாதேவன், “கத்தரிக்காய்த் தண்ணியே தேவலையப்பா” என்றான். துரை முகர்ந்தான். சுவருக்குப் போகவில்லை. வாயும் திறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தடவை திறந்தான். உடனே துப்பினான். அவ்வளவுதான் எங்கள் கையிருப்பு.

“நாளைக்கு ஏறப்போறது யாரு?” என்று கேட்டார் டாக்டர். “கனத்த கை கூடாது. வாரைத் தொட்டும் தொடாமலும் பிடிக்கணும்.”

“நானே ஏறுறேன்” என்றார் ஜமேதார்.

“சாஹேப், உம்ம கை படையில குதிரையை நிறுத்தின கை. அது வேண்டாம். இந்தப் பயல் ஏறட்டும். இரும்பை வாயில போட்டுப் பார்த்தவன் இங்கே இவன் ஒருத்தன்தான். எவ்வளவு இழுக்கணும்னு இவனுக்குத் தெரியும்.”

குதிரைக்காரன் சேணத்தில் உட்காரக் கூடாது என்பது ஜமேதாரின் இன்னொரு விதி. ஏரிக்குக் குளிப்பாட்டக் கொண்டுபோகும்போது வெறும் முதுகில் நாங்கள் எல்லாரும் பறந்திருக்கிறோம் என்பது வேறு விஷயம். ஜமேதார் மீசையைத் தடவிக்கொண்டு துரையைப் பார்த்தார். “துரை, உன் ஆளு விழுந்தா சேணத்துக்கு அடிபடும். சேணம் நல்ல சேணம். பார்த்து நட” என்றார். அனுமதி கொடுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கர்னல் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாசலில் புட்டசாமி, தோளில் கயிறு, கையில் பை. பை அசையும்போதெல்லாம் உள்ளே இரும்பு கிணுகிணுத்தது. இந்த ஒரு விஷயத்துக்காக நான் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன், மாதேவனுடையது.

இரும்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலைத் துரையின் வாயோரத்தில், பல் இல்லாத இடத்தில் வைத்தேன். அழுத்தவில்லை. அவன் தலை மேலே போகத் தொடங்கியது. நானும் அவனோடேயே கையை உயர்த்தினேன். புட்டசாமி ஓரடி உள்ளே வந்தான். துரை பெருமூச்சு விட்டான். தலை இறங்கியது. வாய் திறந்தது. இரும்பு உள்ளே போய் உட்கார்ந்தது. அவன் அதை நாக்கால் ஒருமுறை புரட்டிப் பார்த்தான். துப்பவில்லை.

ஏறினேன். வார்களைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். நடந்தான். ஒரு சுற்று. ஓட்டம். ஒரு சுற்று. வலது பக்கம் திருப்பினேன், திரும்பினான். இடது பக்கம் திருப்புகிற தைரியம் எனக்கு வரவில்லை. வலது வலதாகவே போய்க்கொண்டிருந்தேன். கர்னல் கெட்டிக்காரர்.

“லெஃப்ட்!” என்று கத்தினார்.

இடது கையில் இரண்டு விரலை மட்டும் மூடினேன். துரையின் காது என் பக்கம் திரும்பியது. அவனும் பல் போன இடத்தைப் பற்றி யோசித்திருப்பான். பிறகு கழுத்தை வளைத்து, தலையைத் தூக்காமல், இடது பக்கம் திரும்பினான்.

“ஒன்ஸ் மோர்.”

மறுபடி திரும்பினான். இந்தத் தடவை யோசிக்கக்கூட இல்லை.

கர்னல் எழுந்தார். “நாளைக் காலை பிள்ளைகளுக்கு இவனைக் கொடு. சின்னப் பிள்ளைகள் மட்டும்” என்று ஜமேதாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜமேதார் வெயில் கண்ணில் பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

புட்டசாமி வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

“ஜமேதாரே, குதுரே பேடா, வேண்டாம், ஆய்த்து. அந்த ஹுடுகனைக் கொடுத்திடு. அவன் கடிவாளம் வாயில நல்லா கச்சுக்கொள்றானாமே? ஜட்கா ஸ்டாண்ட் பூரா அதே பேச்சு!”

“அண்ணே, நான் வர்றேண்ணே. ஆனா எனக்கு மசிச்ச கொள்ளுதான் வேணும்!” என்று நானும் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே முள் கடிவாளம் கிணுகிணுக்கத் திரும்பிப் போனான்.

இறங்கி நின்றேன். துரையின் வாயோரம் இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரை. இரும்பை நிம்மதியாகச் சப்புகிற குதிரைக்குத்தான் அப்படி நுரை வரும். வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற குதிரைக்கு வாய் காய்ந்துவிடும். அந்த நுரையை நான் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. துரை தலையைத் தாழ்த்தினான். இடது கன்னத்தை என் மார்பில் வைத்து, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, நுரை மொத்தத்தையும் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அடப்பாவி, அது என்ற சட்டையடா!” என்று மாதேவன் ஓடிவந்தான்.